பழைய காருக்கான காப்பீடு: கிலோமீட்டர் வரம்பும் பதிவேடும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் அம்பாசடர், பத்மினி, ஹெரால்டு, மாரிஸ் மைனர் போன்ற பழைய கார்களை வைத்திருப்பவர்கள், பாலிசியைப் புதுப்பிக்கும் மாதம் நெருங்கியதும் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கொடுத்து, பதில்களைக் கீழே தொகுத்திருக்கிறேன். ஒரு பதிலில் சொன்னதை மறுபடி சொல்லாமல், அந்த எண்ணை மட்டும் சுட்டியிருக்கிறேன்.

1. என் அம்பாசடர் மாசத்துக்கு ரெண்டு தடவைதான் ஷெட்டை விட்டு வெளியே வருது. அதுக்கு எதுக்கு முழு பிரீமியம் கட்டணும்?

நீங்கள் கட்டும் தொகை இரண்டு தனித்தனிக் காப்பீடுகளுக்கானது. ஒன்று, உங்கள் வண்டியால் பிறருக்கு நேரும் உயிரிழப்பு, காயம், பொருட்சேதம் ஆகியவற்றுக்கான மூன்றாம் தரப்புக் காப்பீடு. மற்றொன்று, உங்கள் வண்டிக்கே நேரும் சேதத்துக்கும் திருட்டுக்குமான சொந்தச் சேதக் காப்பீடு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆம் பிரிவின்படி முதலாவது கட்டாயம். அதன் கட்டணத்தை எஞ்சினின் கன அளவைப் பார்த்து அரசு நிர்ணயிக்கிறதே தவிர, வண்டி எவ்வளவு தூரம் ஓடியது என்று பார்ப்பதில்லை.

2022 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, 1,000 சி.சி.க்கு மேற்படாத தனியார் காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1,500 சி.சி. வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய், வரி தனி. 948 சி.சி. ஹெரால்டு முதல் படியிலும், 1,089 சி.சி. பத்மினியும் 1,489 சி.சி. அம்பாசடரும் இரண்டாம் படியிலும், இசுசு எஞ்சின் பொருத்தி வந்த 1,817 சி.சி. அம்பாசடர் மூன்றாம் படியிலும் வரும். வின்டேஜ் காராக, அதாவது மூல வடிவம் மாறாத மிகப் பழைய காராக (விவரம் நான்காம் பதிலில்), பதிவான தனியார் காருக்குப் பாதிக் கட்டணம் போதும் என்று அதே விதிகள் சொல்கின்றன. ஆக, குறைவாக ஓட்டுவதால் குறையக்கூடியது சொந்தச் சேதக் கட்டணம் மட்டுமே.

2. கிலோமீட்டர் வரம்பு பாலிசின்னா என்ன? நம்ம ஊர்ல அது இருக்கா?

இருக்கிறது. ஓட்டும் தூரத்துக்கேற்பக் கட்டணம் வாங்கும் கூடுதல் பிரிவுகளைச் சொந்தச் சேதக் காப்பீட்டுடன் சேர்த்து விற்கலாம் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2022 ஜூலையில் அனுமதித்தது. இந்த ஆண்டு இத்தனை கிலோமீட்டருக்குள் ஓட்டுவேன் என்று நீங்கள் ஒரு படியைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். பாலிசி தொடங்கும் நாளின் மீட்டர் அளவு பதிவாகிறது. அந்தப் படிக்கேற்பக் கட்டணம் குறைகிறது.

இதில் ஒரு சங்கடம் உண்டு. இத்தகைய பிரிவுகள் பெரும்பாலும் புதிய கார்களை மனத்தில் வைத்து உருவானவை. வண்டியின் வயதைக் கேட்டவுடன், மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டும் தருகிறோம் என்று சொல்லும் கிளைகளே அதிகம். நேரில் போய், வண்டியைக் காட்டி, ஆய்வுக்கு ஒத்துக்கொண்டு கேட்டால்தான் சில இடங்களில் கதவு திறக்கும். அப்போது ஒவ்வொரு பயணத்தின் தூரத்தையும் குறித்த ஓர் ஒழுங்கான பதிவேடு கையில் இருப்பது, வாயால் சொல்லும் எந்த உறுதிமொழியையும்விட அதிகம் உதவும்.

3. லண்டன்ல என் மச்சான் மாரிஸ் மைனருக்கு மூவாயிரம் மைல் பாலிசி வச்சிருக்கார். அதே மாதிரி இங்கே கேட்டா ஏன் முழிக்கிறாங்க?

பிரிட்டனில் பழைய கார்களுக்கென்றே தனிச்சந்தை உண்டு. ஆண்டுக்கு 1,500, 3,000, 5,000 மைல் என்று படிகள் வைத்து, மதிப்பையும் முன்கூட்டியே பேசி முடித்துப் பாலிசி தருவது அங்கே சாதாரணம். பதிலுக்கு, அன்றாடப் போக்குவரத்துக்கு வேறொரு கார் இருக்க வேண்டும், இரவில் பூட்டிய கொட்டகையில் நிறுத்த வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகளை வைப்பார்கள்.

இங்கே அப்படியொரு தனிச்சந்தை வளரவில்லை. பழைய அகில இந்திய மோட்டார் கட்டண விதிகளில் வின்டேஜ் காருக்குச் சொந்தச் சேதக் கட்டணத்தில் 25 விழுக்காடு தள்ளுபடி இருந்தது, ஆனால் 31.12.1940-க்கு முன் தயாரானதாகவும், இந்திய வின்டேஜ் மற்றும் கிளாசிக் கார் சங்கத்தின் சான்று பெற்றதாகவும் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 2007 ஜனவரியில் சொந்தச் சேதக் கட்டணங்கள் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டன. இருந்தும், உங்கள் அறுபதுகளின் அம்பாசடரை ‘வின்டேஜ்’ என்று சொன்னால் அதிகாரி நெற்றியைச் சுருக்குவதற்கு அந்தப் பழைய விளக்கமே காரணமாக இருக்கலாம்.

4. அப்போ ஆர்.டி.ஓ.-ல வி.ஏ. நம்பர் வாங்கிட்டா, கிலோமீட்டர் வரம்பு தானா வந்துடுமா?

வராது. வி.ஏ. நம்பர் என்பது வின்டேஜ் பதிவு பெற்ற வண்டிக்குத் தரும் எண். அதிகம் குழம்பும் இடம் இதுதான். காப்பீட்டு வரம்பு ‘எவ்வளவு’ என்று கேட்கிறது. வின்டேஜ் பதிவு ‘எதற்காக’ என்று கேட்கிறது.

2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட பகுதியின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்து, சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாமல் மூல வடிவில் இருக்கும் இருசக்கர, நான்குசக்கர வாகனங்கள் வின்டேஜ் பதிவு பெறலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். செல்லுபடி 10 ஆண்டுகள். மாநில எழுத்துகளை அடுத்து வி.ஏ. என்ற குறியீடு வரும். அப்படிப் பதிவான வண்டியைக் கண்காட்சி, தொழில்நுட்ப ஆய்வு, வின்டேஜ் பேரணி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்காகவே சாலையில் ஓட்டலாம். அன்றாட ஓட்டத்துக்கும் வணிகப் பயன்பாட்டுக்கும் அனுமதி இல்லை. இந்த விதிகளில் கிலோமீட்டர் என்ற பேச்சே கிடையாது.

5. ஞாயித்துக்கிழமை காலைல குடும்பத்தோட மகாபலிபுரம் போய் டிபன் சாப்பிட்டு வரது என் வழக்கம். வி.ஏ. நம்பர்ல அது முடியுமா?

நான்காம் பதிலில் உள்ள பட்டியலில் டிபன் இல்லை. ஞாயிறு உலா உங்களுக்கு முக்கியம் என்றால், வண்டியைச் சாதாரணத் தனியார் காராகவே வைத்திருந்து, ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பித்துக்கொண்டு, மூன்றாம் தரப்புக் கட்டணத்தை முழுமையாகக் கட்டிவிடுவதே நல்லது என்பது என் கருத்து. பாதிக் கட்டணத்துக்காக வின்டேஜ் பதிவு வாங்கிவிட்டு, ஒவ்வொரு ஞாயிறும் ‘பராமரிப்புக்காக ஓட்டினேன்’ என்று பதிவேட்டில் எழுதுகிறவர்கள் தங்களுக்கு எதிரான சாட்சியத்தைத் தாங்களே தயாரிக்கிறார்கள்.

6. மீட்டர் மைல்ல ஓடுது. பாலிசி கிலோமீட்டர்ல இருக்கு. எதை எழுதறது?

மீட்டரில் தெரிவதை அப்படியே எழுதுங்கள். பக்கத்தில் ‘மைல்’ என்று குறியுங்கள். மாற்றிய கணக்கைத் தனிக் கட்டத்தில் எழுதுங்கள். ஒரு மைல் 1.609 கிலோமீட்டர். 3,000 கிலோமீட்டர் வரம்பு என்பது மைல் மீட்டரில் 1,864 மட்டுமே. பாலிசி எடுக்கும்போதே மீட்டர் மைல் அளவில் ஓடுகிறது என்பதை முன்மொழிவுப் படிவத்தில் எழுதிக் கொடுத்து, நகலை வைத்துக்கொள்ள வேண்டும்.

7. மீட்டர் கேபிள் அறுந்து மூணு வாரம் ஓடவே இல்லை. இப்ப மாத்திட்டேன். இதைச் சொல்லணுமா, இல்லை விட்டுடலாமா?

சொல்ல வேண்டும். பழைய கார்களில் கியர் பாக்ஸின் பின்பகுதியிலிருந்து ஒரு முறுக்குக் கம்பி உறைக்குள் சுழன்றபடி மீட்டர் வரை வருகிறது. அதன் சதுர முனை தேய்ந்தாலோ, உறைக்குள் கிரீஸ் காய்ந்தாலோ முதலில் முள் நடுங்கும், பிறகு கம்பி அறுந்து மீட்டர் நின்றுவிடும். இது பழைய வண்டியின் இயல்பான கோளாறு. சேதத்தை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் எந்த சர்வேயருக்கும் இது தெரியும். அவரைச் சந்தேகப்பட வைப்பது, நின்றுபோனதை மறைக்க முயல்வதுதான்.

நின்றதைக் கவனித்த அன்றே மீட்டரைப் படம் எடுத்து, பதிவேட்டில் தேதியுடன் எழுதுங்கள். அதன்பின் ஓட்டிய ஒவ்வொரு பயணத்துக்கும் தொலைபேசி வரைபடம் காட்டும் தூரத்தை ‘மீட்டர் பழுது’ என்ற குறிப்போடு சேருங்கள். புதுப்பேட்டையிலோ ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ கேபிள் வாங்கினால் பில் கேளுங்கள்; துண்டுச்சீட்டில் தொகை மட்டும் எழுதித் தருபவரிடம், தேதியையும் வண்டி எண்ணையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். முழு மீட்டரையே மாற்றியிருந்தால் பழையதின் இறுதி அளவு, புதியதின் தொடக்க அளவு ஆகிய இரண்டுக்கும் படம் வேண்டும். அந்த விவரத்தை நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் தெரிவிக்கவும் வேண்டும்.

8. அஞ்சு இலக்க மீட்டர். ஒரு லட்சம் தாண்டினா பூஜ்யத்துக்கு வந்துடுது. வண்டி புதுசு மாதிரி காட்டுதே?

ஆண்டுக் கணக்குக்கு இது பொருட்டல்ல, வித்தியாசம்தான் முக்கியம். 99,999-இலிருந்து 00000-க்கு மாறிய நாளைப் பதிவேட்டில் குறித்தால் போதும்.

9. ரேடியல் டயர் போட்டதுக்கு அப்புறம் மீட்டர் கொஞ்சம் கம்மியா காட்டுது. எனக்கு லாபம்தானே?

லாபம் என்று நினைக்க வேண்டாம். மீட்டர் சாலையை அளப்பதில்லை. கேபிள் எத்தனை முறை சுழன்றது என்று மட்டுமே எண்ணுகிறது. டயரின் சுற்றளவு மூன்று விழுக்காடு கூடினால், மீட்டர் ஏறத்தாழ அதே அளவு குறைத்துக் காட்டும். பின் அச்சின் பல்சக்கர விகிதத்தை மாற்றினாலும் இதேதான். ஸ்மித்ஸ் மீட்டர்களின் முகப்பில் பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும். ஒரு மைலுக்குக் கேபிள் எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்பதை அது சொல்கிறது. வேறு காரிலிருந்து கழற்றிய மீட்டரைப் பொருத்தியவர்கள் அந்த எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

சோதிப்பது எளிது. விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கிலோமீட்டர் கற்களை வைத்துப் பத்துக் கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்து, மீட்டர் காட்டிய அளவைப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். வரம்பை ஒட்டி ஓட்டுபவருக்கு அந்த ஒரு வரி பெரிய துணை.

10. நோட்டுல என்னென்ன எழுதணும்? ரொம்ப விலாவாரியா எழுத எனக்குப் பொறுமை இல்லை.

பொறுமை தேவையில்லை, வழக்கம் போதும். பக்கங்களைக் கிழித்தால் தெரியும்படி தைத்த, பக்க எண் அச்சிட்ட நோட்டு ஒன்றை வாங்குங்கள். ஒரு பயணத்துக்கு ஒரு வரி. உதாரணமாக: ‘12 ஜனவரி, ஞாயிறு. புறப்பாடு 48,213. அடையாறு – முட்டுக்காடு – அடையாறு. திரும்பியது 48,262. ஓட்டியவர்: நான். பெட்ரோல் 10 லிட்டர், பில் உண்டு. இடது முன் பிரேக் இழுக்கிறது.’ இதற்கு மேல் எதுவும் வேண்டாம். பிரேக் இழுக்கிறது என்று எழுதியவர், அடுத்த வரியில் அதைச் சரிசெய்த தேதியையும் எழுத வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. மறந்தால், குறையைத் தெரிந்தே ஓட்டினார் என்ற வாதத்துக்கு அது இடம் கொடுத்துவிடும்.

எழுதியதில் தவறு நேர்ந்தால் வெள்ளை மை பூசாதீர்கள். ஒரு கோடு அடித்து, சரியானதைப் பக்கத்தில் எழுதிச் சுருக்கொப்பம் இடுங்கள். நோட்டு வீட்டில் இருக்க வேண்டும், வண்டியின் டாஷ்போர்டில் அல்ல. வண்டி திருடுபோனாலோ எரிந்தாலோ நோட்டும் சேர்ந்தே போய்விடும். அது மிகவும் தேவைப்படுவதும் அப்போதுதான்.

11. நோட்டு எதுக்கு? போன்ல மீட்டரை போட்டோ எடுத்தா போதாதா?

இரண்டும் சேர்ந்தால்தான் வலு. படம் அளவைச் சொல்லும், பயணத்தின் நோக்கத்தைச் சொல்லாது. நோட்டு நோக்கத்தைச் சொல்லும், ஆனால் எழுதியவரின் சொல்லைத்தான் நம்ப வேண்டும். மாதத்தின் முதல் நாள் ஒரு படம், பாலிசி தொடங்கும் நாளிலும் முடியும் நாளிலும் ஒவ்வொரு படம், சர்வீஸுக்கு விடும்போது ஒரு படம் என்று வைத்துக்கொண்டால் போதும். மீட்டரும் வண்டியின் எண் பலகையும் ஒரே காணொளியில் வெட்டாமல் வருமாறு எடுப்பது இன்னும் சிறப்பு. வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதியில் படம் எடுத்த தேதி, நேரம் போன்ற உள்விவரங்கள் நீங்கிவிடும். எனவே மூலப் படத்தை அழிக்காதீர்கள்.

12. போன வருஷம் எதுவும் எழுதலை. பழைய பில் எல்லாம் இருக்கு. இப்ப உட்கார்ந்து மொத்தமா எழுதிடலாமா?

கூடாது. ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் எழுதிய ஓராண்டுக் கணக்கைப் பார்த்த மாத்திரத்தில் சர்வேயர் அடையாளம் கண்டுகொள்வார். பிறகு உண்மையான பில்களின் மேலும் அவருக்கு நம்பிக்கை போய்விடும். ‘பில்களிலிருந்து தொகுத்தது, இன்ன தேதியில் எழுதியது’ என்று தலைப்பிட்டு, பில்லில் மீட்டர் அளவு குறிப்பிட்டுள்ள நாட்களை மட்டும் பட்டியலிடுங்கள். இடைவெளிகள் இடைவெளிகளாகவே இருக்கட்டும். இன்றிலிருந்து அன்றன்று எழுதத் தொடங்குங்கள்.

13. வண்டி நின்னுபோய் டோ பண்ணிட்டு வந்தாங்க. வீட்டுக்கு வந்து பார்த்தா மீட்டர் 40 கிலோமீட்டர் ஏறியிருக்கு. எப்படி?

அம்பாசடரும் பத்மினியும் பின்சக்கர இயக்க வண்டிகள். முன்பக்கத்தைத் தூக்கி, பின்சக்கரங்களைச் சாலையில் உருட்டி இழுத்து வந்தால், அவற்றோடு, பின் அச்சையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் நீள் தண்டும் சுழன்று, ஏழாம் பதிலில் சொன்ன கேபிளையும் சுழற்றும். எஞ்சின் அணைந்திருந்தாலும் மீட்டர் ஓடும். இழுவை ரசீதில் புறப்பட்ட இடமும் சேர்ந்த இடமும் எழுதியிருந்தால், அந்தத் தூரத்தைக் கழித்துக் காட்டலாம். தட்டையான மேடையுள்ள லாரியில் ஏற்றி வரச் சொல்வது மீட்டருக்கு மட்டுமல்ல, கியர் பாக்ஸுக்கும் நல்லது.

14. வரம்பைத் தாண்டிட்டேன். அதுக்கப்புறம் ஒரு ஆக்சிடென்ட். மொத்த பாலிசியும் போச்சா?

மூன்றாம் தரப்புக் காப்பீடு போகாது. பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர மறுப்பதற்குக் காப்பீட்டு நிறுவனம் சொல்லக்கூடிய காரணங்களைச் சட்டம் எண்ணி வைத்திருக்கிறது. கிலோமீட்டர் வரம்பு அவற்றில் இல்லை. உங்கள் வண்டியின் சேதத்துக்கு என்ன நடக்கும் என்பதைக் கூடுதல் பிரிவின் வாசகம்தான் முடிவு செய்யும். சிலவற்றில் சொந்தச் சேதக் காப்பீடு அத்துடன் நின்றுவிடும். சிலவற்றில் சேதச் செலவில் நீங்கள் ஏற்க வேண்டிய பங்கு கூடும். பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய ஒரே கேள்வி இதுதான். பதிலை எழுத்தில் வாங்க வேண்டும். வரம்பில் பத்தில் ஒரு பங்கு மீதமிருக்கும்போதே கூடுதல் கிலோமீட்டர் வாங்கிவிடுங்கள். விபத்துக்குப் பின் வாங்குவது அந்த விபத்துக்கு உதவாது.

பயன்பாட்டு நிபந்தனையை மீறியதற்காகக் கோரிக்கையை அடியோடு நிராகரிப்பது சரியல்ல என்றும், அதை ‘நான்-ஸ்டாண்டர்ட்’ கோரிக்கையாக, அதாவது முழுத் தொகைக்குப் பதில் ஒரு பகுதியைத் தந்து, தீர்க்கலாம் என்றும் 2010-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. அதில் எடுத்துக்காட்டிய வழிகாட்டுதல், ஒப்புக்கொள்ளத்தக்க தொகையில் 75 விழுக்காடு வரை தரலாம் என்கிறது. அது கிலோமீட்டர் வரம்பு பற்றிய வழக்கல்ல. இருந்தாலும் பேச்சுவார்த்தையில் சுட்டிக்காட்டத் தக்கது.

15. பேரணிக்குக் கூப்பிடுறாங்க. ஆர்.டி.ஓ. விதியில அனுமதி இருக்கே, இன்சூரன்ஸ் மட்டும் என்ன சொல்லப்போகுது?

நிறையவே சொல்லும். வழக்கமான தனியார் கார் பாலிசியில் பந்தயம், வேகச் சோதனை, நம்பகத்தன்மைச் சோதனை ஓட்டம் ஆகியவை விலக்கப்பட்டுள்ளன. அணிவகுப்பாகப் போய்வருவது வேறு; நேரம் குறித்து மதிப்பெண் போடும் போட்டி வேறு. இரண்டையும் ‘ராலி’ என்றே அழைப்பதால்தான் தொல்லை. அழைப்பிதழில் நேரக்கணக்கு, மதிப்பெண் என்று ஏதாவது இருந்தால், பாலிசியில் கூடுதலாகச் சேர்க்கும், பேரணிகளுக்கான 31-ஆம் எண் ஒப்புதலை (எண்டார்ஸ்மென்ட்) அந்த நிகழ்ச்சிக்கென முன்கூட்டியே கேளுங்கள். அழைப்பிதழைப் பதிவேட்டில் ஒட்டி வைப்பது இரண்டு வகையில் பயன்படும்: வி.ஏ. பதிவுக்குப் பயண நோக்கத்தின் சான்று, காப்பீட்டுக்கு நிகழ்ச்சியின் தன்மைக்குச் சான்று.

16. சொந்தக்காரங்க ஜானவாசத்துக்கு வண்டி கேட்கிறாங்க. சினிமா ஷூட்டிங்குக்கும் கேட்கிறாங்க. குடுக்கலாமா?

உறவுக்காகக் காசு வாங்காமல், நீங்களே ஓட்டிப் போனால், சாதாரணப் பதிவுள்ள வண்டிக்குச் சிக்கல் இல்லை. ‘பெட்ரோலுக்கு வச்சுக்கோங்க மாமா’ என்று ஒரு கவரைத் திணித்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவது உத்தமம். வாடகைக்கோ ஊதியத்துக்கோ ஓட்டுவது பாலிசியில் விலக்கப்பட்டது. படப்பிடிப்புக்கு நாள் வாடகை பேசினால் அது வணிகப் பயன்பாடுதான். தயாரிப்புத் தரப்பு தனியாகக் காப்பீடு எடுத்திருக்கிறதா, அதில் உங்கள் வண்டியின் எண் இருக்கிறதா என்று பார்க்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.

17. டிசம்பர் முழுக்க வண்டியை எடுக்கவே மாட்டேன். அந்த மாசத்துக்குக் காசு மிச்சம் பண்ண முடியுமா?

தொடர்ந்து இரண்டு மாதங்களுக்குக் குறையாமல் வண்டியைக் கொட்டகையிலேயே நிறுத்தினால் அதற்கான சலுகை பழைய கட்டண விதிகளில் இருந்தது; உங்கள் நிறுவனம் இன்றும் தருமா என்று நிறுத்துவதற்கு முன்பே எழுதிக் கேட்க வேண்டும். ஆனால் சென்னையில் டிசம்பரில் காப்பீட்டைக் குறைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 2015, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கியவற்றில் ஓடாமல் நின்ற வண்டிகளும் உண்டு. வேளச்சேரி மேம்பாலத்தில் காரை நிறுத்த வரிசை கட்டும் ஊரில் இருக்கிறோம். தண்ணீர் புகுந்த வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் படம் எடுத்துத் தகவல் சொல்லுங்கள். ஸ்டார்ட் செய்ததால் எஞ்சின் உடைந்தால், அது வெள்ளச் சேதம் அல்ல என்று வாதிடுவார்கள்.

18. அப்பா பேர்ல இருந்த வண்டி. அவர் காலமாகி ரெண்டு மாசம் ஆச்சு. பாலிசியும் பழைய கணக்கும் என்ன ஆகும்?

வழக்கமான பாலிசி நிபந்தனைப்படி, உரிமையாளர் மறைந்த நாளிலிருந்து மூன்று மாதம் வரை, அல்லது பாலிசி முடியும் நாள் வரை, எது முந்தியோ அதுவரை காப்பீடு நீடிக்கும். அதற்குள் வாரிசின் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். உங்களுக்கு இன்னும் ஒரு மாதமே இருக்கிறது. அப்பா எழுதிய பதிவேட்டை மூடிவிட்டுப் புதிதாகத் தொடங்காதீர்கள். அதே நோட்டில் ஒரு கோடு போட்டு, அன்றைய மீட்டர் அளவை எழுதித் தொடருங்கள். ஐந்து ஆண்டுகளைக் கடந்த வண்டிக்கு மதிப்பை நிறுவனமும் உரிமையாளரும் பேசித்தான் முடிவு செய்கிறார்கள். அந்தப் பேச்சில் பல ஆண்டுக் கணக்கும், உதிரி பாக பில்களும், மதிப்பீட்டாளரின் அறிக்கையும் உள்ள கோப்புக்குத் தனி மரியாதை உண்டு.

19. எல்லாக் கணக்கும் காட்டியும் கிளெய்மை மறுத்துட்டாங்க. இனி யார்கிட்ட போறது?

முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் முறையிடுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டாலோ, தேனாம்பேட்டையில் அண்ணா சாலையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகத்தை ஓராண்டுக்குள் அணுகலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. மறுப்புக் கடிதம், பாலிசியும் அதன் கூடுதல் பிரிவின் வாசகமும், பதிவேட்டில் விபத்துக்கு முந்தைய மூன்று மாதப் பக்கங்களின் நகல், பாலிசி தொடங்கிய நாளின் மீட்டர் படம் ஆகியவற்றை அந்த வரிசையிலேயே அடுக்கிக் கொடுங்கள். மூல நோட்டை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். கேட்டால் நேரில் கொண்டுபோய்க் காட்டிவிட்டுத் திரும்ப எடுத்து வாருங்கள்.